ஜெர்மன் பி1 (நடு லெவல் மொழித் தேர்வு) முடிச்சிட்டு வர்றீங்களா? எந்த ஊரு ஜெர்மன்னு மொதல்ல பாருங்க

மக்களே, "பி1 பாஸ், சுவிஸ்ல வேலை கிடைச்சிருக்கு, மொழி பிரச்சனை இருக்காதுல்ல"ன்னு அடிக்கடி யாராவது கேக்குறீங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் ஜெர்மனில லைப்சிக்ல நாலு வருஷம், இப்போ சுவிஸ்ல ஜூரிச்ல ரெண்டு வருஷம்.

மொதல்ல சுவிஸ்ல எந்த ஊருன்னு பாருங்க. லோசான்னா ஃபிரெஞ்ச், லுகானோன்னா இத்தாலியன், அங்க உங்க பி1 பெட்டிக்குள்ளயே கிடக்கும். 26 கான்டன்ல (நம்ம மாநிலம் மாதிரி) 17லதான் ஜெர்மன் மட்டும் ஆட்சிமொழி.

சரி ஜூரிச்சே வர்றீங்கன்னு வைங்க. கிளாஸ்ல படிச்சது ஹோஹ்டாய்ச், அதாவது பொதுவான எழுத்து ஜெர்மன்; மெயில், லெட்டர், நியூஸ் எல்லாம் அதுலதான் வரும், ஆனா காபி மெஷின்கிட்ட அவங்களுக்குள்ள பேசிக்கிறது ஸ்விஸ் ஜெர்மன், மொத மாசம் ஒரு மண்ணும் புரியாது. நமக்கு இது புதுசா என்ன? 'வந்துகொண்டிருக்கிறேன்'னு எழுதிட்டு 'வந்துட்ருக்கேன்'னு பேசுற ஆளுங்கதானே. பாடப்புத்தகத் தமிழ் படிச்சிட்டு மதுரை பஸ் ஸ்டாண்டுல எறங்குன வெள்ளைக்காரன் நெலமைதான் இப்போ நமக்கு. "ஹோஹ்டாய்ச், பிட்டே (ப்ளீஸ்)"ன்னு கேட்டா பெரும்பாலும் மாத்திப் பேசுவாங்க. ஆனா அத கொச்சைன்னு நெனச்சு சிரிச்சிடாதீங்க, பேங்க் மேனேஜரும் அதான் பேசுவாரு.

சாமான் பேரும் மாறும். சைக்கிள் வேலோ, கோழி பூலே, நன்றிக்கு மெர்சி. நான் கேரட்டை 'கரோட்டெ'ன்னு கேட்டப்போ தமிழ்க் கடை அக்கா சிரிச்சிட்டு, "தம்பி, இஞ்ச அதை ரூப்லி எண்டுதான் சொல்லுவினம்"னாங்க. யாழ்ப்பாணத்து ஆளுங்க 80கள்லயே இங்க வந்துட்டாங்க, இங்கயே பொறந்த அவங்க பிள்ளைங்க பேசுற ஸ்விஸ் ஜெர்மன கண்ண மூடிக் கேட்டா ஊர்க்காரங்கதான்னு நெனைப்பீங்க.

ஜெர்மனிக்குள்ளயே போறவங்களும் கேளுங்க. லைப்சிக் போன புதுசுல டாக்டர் கிளினிக்ல போன்ல 'ஃபியர்ட்டெல் அஹ்ட்'னு டைம் சொன்னாங்க. ஃபியர்ட்டெல்னா கால், அஹ்ட்னா எட்டு, அப்போ எட்டே கால்னு 8.10க்கு போய் நின்னேன். ரிசப்ஷன்ல ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க! அது 7.15ஆம். எட்ட நோக்கிப் போற மணியில கால் பங்கு முடிஞ்சிருக்குன்னு கணக்கு. அடுத்த டெர்மின் (அப்பாயின்ட்மென்ட்) மூணு வாரம் கழிச்சு. 'டிரைஃபியர்ட்டெல் அஹ்ட்'னா 7.45. ஹாம்பர்க் பக்கம் இப்படி சொல்ல மாட்டாங்க, ஆனா 'ஹால்ப் அஹ்ட்' எங்க கேட்டாலும் ஏழரைதான், எட்டரை இல்ல.

லிக்டன்ஸ்டைன், பெல்ஜியத்துல ஓய்ப்பன்னு இன்னும் ஜெர்மன் பேசுற ஊருங்க இருக்கு. இத்தாலில போல்சானோ போனப்போதான் எனக்கு ஆச்சரியம், ஸ்டேஷன் போர்டுலயே போட்சன்னு ஜெர்மன் பேரும் இருக்கு, சாப்பாட்டுக் கடைலயும் ஜெர்மன்தான். முதல் உலகப்போர் வரைக்கும் ஆஸ்திரியா கைல இருந்த ஊராம்.

கீழ கமெண்ட்ல ஆஸ்திரியாவோட வியன்னால ஜெர்மன் எப்படின்னு கேட்ட தங்கச்சிக்கு: அங்க தக்காளி பாரடைசர், உருளை எர்ட்எப்ஃபெல், ஜனவரி யென்னர். ஃபியர்ட்டெல் அஹ்ட் அங்கயும் ஓடும், அதனால யாரு டைம் சொன்னாலும் "சீபென் உர் ஃபுன்ஃப்ட்சேன்?" (ஏழு பதினஞ்சா?)னு நம்பர்லயே திருப்பிக் கேட்டுக்கோம்மா.