கரையிலிருந்து தூண்டில் வீசும்போது பிரெய்டு லைன் அறுகிறது: லைனை மாற்றவா, ராடை மாற்றவா?

மணல் கரையில் நின்று அலைக்கு அந்தப் பக்கம் வீசுகிறேன். ஈயக்குண்டு கிளம்பிய மறுநொடி பட்டென்று ஒரு சத்தம், குண்டும் முள்ளும் தனியாகக் கடலுக்குப் போய்விடுகின்றன. எதிர்காற்று இருந்தால் இன்னும் மோசம். இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான்.

ராடு (தூண்டில் கோல்) 12 அடி, 100–200 கிராம் வீசக்கூடியது. 6000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பல இழை பின்னிய லைன்), அதன் முனையில் வீச்சின் இழுப்பைத் தாங்க 50 பவுண்டு மோனோ (ஒற்றை இழை) ஷாக் லீடர், 120 கிராம் ஈயம். ஈயத்தின் ஒவ்வொரு அவுன்சுக்கும் 10 பவுண்டு என்ற கணக்குப்படி லீடர் சரியாகத்தான் இருக்கிறது. வீசும்போது ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளை) லீடர் 5 சுற்றாவது கிடக்கும்.

அறுவது லீடரை இணைக்கும் முடிச்சில் இல்லை, அதற்கு ஒரு சாண் மேலே, பிரெய்டில். முனை பஞ்சாகப் பிரிந்து நிற்கிறது. சில சமயம் அங்கே சின்னச் சிக்கலும் தெரிகிறது.

பிரெய்டை லீடரின் மேல் பின்னிக் கட்டும் எஃப்ஜி முடிச்சுக்கு மாறினேன், பிரெய்டையும் புதிதாகச் சுற்றினேன். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்தியிருக்கிறேன். ராட்டில் லைன் ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டுத் தேய்த்தேன், எங்கும் பிடிக்கவில்லை. அப்புறம் ரீலில் லைனைப் பிடிக்கும் பெயில் கம்பி, அதுவும் வீசும்போது தானாக மூடுவதில்லை. ராட்டின் வளையங்கள் சிறியவை என்பதுதான் என் சந்தேகம்.

இதே ராட்டில் 0.35 மில்லிமீட்டர் மோனோவும் டேப்பர் லீடரும் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடிமன் கூடிக்கொண்டே போவது) போட்டால் தீருமா, இல்லை பெரிய வளையமுள்ள ராடே வாங்கணுமா?