மஞ்சள் கேசட்டும் உப்புக்காத்தும்: இன்னும் உறுத்துற ஒரு சம்பவத்தை எழுதுங்க

பாம்பன்வாடை

டிவியில மாட்டி ஆடின பழைய வீடியோ கேம் கேசட், ஜாய்ஸ்டிக் எல்லாம் இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேரா வர்றேன். 1999 மே மாசம். தங்கச்சிமடத்துல ஒரு எஸ்டிடி பூத்துக்குப் பின்னாடி மணிக்குப் பத்து ரூபான்னு வீடியோ கேம் விடுவாங்க. ரெண்டு டிவி, ஒண்ணுல எப்பவும் காண்ட்ராங்கிற துப்பாக்கிச் சண்டை கேம்தான். நாங்க நாலு பேரு லீவு முழுக்க உக்காந்தும் மூணாவது ஸ்டேஜ் அருவியைத் தாண்டினது ரெண்டே தடவை.

ஒருநாள் மண்டபம் இலங்கை அகதிகள் முகாம்ல இருந்து ஒரு பையன் வந்தான். எங்க வயசுதான். பத்து ரூபாயை நாலா மடிச்சு சட்டைப்பையில வெச்சிருந்தான். காண்ட்ரா பேரு திரையில வந்ததும் ஜாய்ஸ்டிக்கைச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டான். உள்ள டக்கு டக்குன்னு சத்தம். உதடு மட்டும் அசையுது. நான் பக்கத்துலயே இருந்தேன், "கீழை கீழை"ன்னு முணுமுணுத்தது கேட்டுச்சு. சாமி கும்பிடுறான்னு நினைச்சேன்.

அப்புறம் ஆடினான் பாருங்க. சாகறான், சாகறான், மேல மிச்ச உயிரைக் காட்டுற பதக்கம் மட்டும் குறையவே இல்லை. ஒரே உக்காரல்ல முடிச்சான். தீவு வெடிச்சு ஹெலிகாப்டர் பறக்குறதை நாங்க முதமுதல்ல பாத்தது அன்னிக்குத்தான். எப்படிடான்னு கேட்டா, "அங்கை ஒரு அண்ணை காட்டித் தந்தவர், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டவர்"னான். என்கிட்ட மிச்சமிருந்த அரை மணி நேரத்தைத் தர்றேன்னேன். வேணாம்னு போயிட்டான்.

2006ல ராமநாதபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல அவன் அமுக்கின ரகசியப் பட்டன் வரிசையை, முப்பது லைஃப் தர்ற அந்தச் சீட் கோடு, படிச்சேன். மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. பாதியைக் காதால கேட்டும் ஏழு வருஷம் தெரியாம இருந்திருக்கேன்.

தொண்டி_ரீசெட்

கதை நல்லாருக்கு, ஆனா நம்ப முடியலை. 99999 இன் 1 கேசட்டுல உண்மையில இருந்ததே இருபது முப்பது கேம்தான். அதே காண்ட்ராவையே வேற வேற பேர்ல பத்து தடவை போட்டிருப்பான். அதுல ஒண்ணு எடுத்தவுடனேயே முப்பது லைஃபோட ஆரம்பிக்கும். அந்தப் பையனுக்கு மெனுவுல எது அதுன்னு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். சட்டைக்குள்ள விட்டதெல்லாம் பந்தா.

பாம்பன்வாடை

@தொண்டி_ரீசெட் அந்தக் கடையில இருந்தது ஒத்தைக் கேம் கேசட்டு. மெனுவே கிடையாது. நீங்க அங்க உக்காந்து பாத்த மாதிரி எழுதாதீங்க.

சேது_8பிட்

சண்டை வேணாம். அந்தக் கோடு காண்ட்ராவுக்காகச் செஞ்சதே இல்லை. காண்ட்ரா செஞ்ச கொனாமி கம்பெனியில கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986ல கிரேடியஸ்ங்கிற கேமை ஃபாமிகாம்ங்கிற ஜப்பான் கேம் டப்பாவுக்கு மாத்தினப்போ, சோதிச்சுப் பாக்க அவராலயே முடிக்க முடியலை. அதனால தனக்காகப் போட்டுக்கிட்ட குறுக்குவழி. எடுக்க மறந்து அப்படியே கடைக்கு வந்துருச்சு. 2020ல இறந்துட்டாரு.

என் கதை வேற. 1996 மார்ச் 17, உலகக் கோப்பை ஃபைனல், லாகூர்ல. ராமேஸ்வரத்துல எங்க தெருவே ரூபவாஹினி வெச்சிருந்துச்சு. ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினா கண்ணாடி மாதிரி வரும். எனக்கு கிரிக்கெட் ஆகாது. உள்ரூம்ல இருந்த சின்ன டிவியில மரியோ போட்டேன். அந்த கேம் டப்பாவோட ஒயர் ஆன்டெனா வர்ற இடத்துலதான சொருகணும்? நான் ஆன்டெனாவைக் கழட்டாம ரெண்டையும் சேத்து முறுக்கிட்டேன்.

பத்து நிமிஷத்துல பக்கத்து வீட்டு மாமா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு. "ஏப்பா, டிசில்வா தலைக்கு மேல என்னமோ காளான் ஓடுது, வந்து பாரு." போய்ப் பாத்தா நிஜமாவே ஓடுது! அரவிந்த டி சில்வா மட்டையைத் தூக்குறாரு, அவருக்குப் பின்னாடி நிழல் மாதிரி மரியோவோட செங்கல்லு. என் கேம் எங்க மாடி ஆன்டெனா வழியா வெளிய போய் அவங்க ஆன்டெனாவுல விழுந்திருக்கு. ரூபவாஹினி வந்த சேனலும் கேம் வந்த சேனலும் ஒண்ணு. நான் வாயே திறக்கலை. இலங்கைக்காரன் கோளாறு மாமான்னு சொல்லிட்டு ஓடிவந்து சுவிட்சை அணைச்சேன். டி சில்வா 107 அடிச்சு கப்பு வாங்கினப்போ மாமா எனக்கு மிட்டாய் குடுத்தாரு.

தொண்டி_ரீசெட்

ஆன்டெனாவுல சிக்னலைப் பெருக்குற பூஸ்டர் இருந்தா சிக்னல் திரும்பிப் போகாதே?

சேது_8பிட்

எங்க வீட்டுல பூஸ்டரே கிடையாது. விடுங்கண்ணே.

கீழக்கரை_இளையவன்

எனக்கு டக் ஹண்ட், திரையில பறக்குற வாத்தைத் துப்பாக்கியால சுடுற கேம். வாப்பா துபாய்ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க. 2000ல வந்தப்போ துப்பாக்கியோட ஒரு செட்டு. வாப்பா இருந்த நாப்பது நாளும் தெனம் ராத்திரி நானும் காக்காவும் (அண்ணனைத்தான் அப்படிச் சொல்வோம்) சுடுவோம். காக்கா சுட்டா வாத்து விழும். நான் சுட்டா விழவே விழாது. பறந்துக்கிட்டு இருக்க வாத்து, நான் குறி வெச்சதும் சடார்னு திரும்பும். உடனே கேம்ல வர்ற நாய் புல்லுக்குள்ள இருந்து எந்திரிச்சு வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கும் பாருங்க. காக்காவும் கூடச் சேந்து சிரிக்கும்.

வாப்பா ஊருக்குப் போறதுக்கு மொத நாள் ராத்திரி. வாப்பா பாத்துக்கிட்டு இருக்காங்க. பத்து வாத்தும் போச்சு. துப்பாக்கியைத் தரையில ஓங்கி அடிச்சேன். மூக்கு தனியா, பிடி தனியா, உள்ள இருந்த கண்ணாடிக் குண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில போச்சு. வாப்பா திட்டலை. குனிஞ்சு அதைத் தேடி எடுத்து என் கையில குடுத்துட்டுப் படுக்கப் போயிட்டாங்க. அதுதான் இன்னிக்கும். வாப்பா இப்ப இல்லை.

அதே மாதிரி ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன்.

ஏர்வாடி_சால்டர்

@கீழக்கரை_இளையவன் வாங்காதீங்க. வாங்கினாலும் இப்ப வீட்டுல இருக்க டிவியில வேலை செய்யாது. துப்பாக்கி எதையும் சுடாது, அது வெளிச்சத்தைப் பாக்குற கண்ணு. ட்ரிகரை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்க இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்கு அடுத்து வெள்ளை தெரிஞ்சா அடி. பழைய குழாய் டிவி அதை அந்த நொடியே காட்டும். எல்சிடி தாமதமாக் காட்டும், அதுக்குள்ள கேம் "தவறிருச்சு"ன்னு முடிவு பண்ணிரும். குழாய் டிவி தேடுங்க, பழைய சாமான் கடையில எடைக்குப் போடுறாங்க.

எல்லாருக்குமே சொல்றேன், கேசட்டை ஊதாதீங்க. நானும் ஊதினவன்தான், என் மீடியா கம்பெனி கேம் செட்டு அப்படித்தான் போச்சு, அவ்வளவுதான் என் கதை. ஊதினதால ஓடலை, கழட்டித் திரும்பச் சொருகினதாலதான் ஓடுச்சு. வாய் ஈரம் செம்புல களிம்பு ஏத்தும். நம்ம கடக்கரையில சும்மா வெச்சாலே பச்சை பூக்கும், அதுல எச்சில் வேற. கேசட்டு அடியில வரிசையா இருக்க செம்புப் பல்லு மொத்தம் 60, பள்ளிக்கூட அழிரப்பரை வெச்சு மெதுவா ஒரே பக்கமாத் தேய்ங்க. அப்புறம் காதுப் பஞ்சுல ஐசோப்ரொபைல் ஆல்கஹால். தேங்கா எண்ணெய் வேணாம், ஒருத்தர் போட்டுட்டு என்கிட்ட கொண்டுவந்தாரு, எறும்பு குடும்பம் நடத்துது உள்ள. அடாப்டரை மாத்தினா பிளஸ் மைனஸ் பாருங்க, செட்டுக்குள்ள 7805ன்னு வோல்டேஜைக் குறைக்கிற மூணு கால் ரெகுலேட்டர் இருக்கும், தொட்டா சுடும், அது சகஜம். வைக்கும்போது டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க.

இன்னொண்ணு, யாரோ வேற இழையில ஃபோன்ல காண்ட்ரா வேகமா ஓடுது, வயசாயிருச்சுன்னு எழுதியிருந்தாரு. வயசில்லை. ஜப்பான்ல நொடிக்கு 60 படம், நம்ம ஊரு PAL முறை டிவிக்கு 50. இங்க வித்த செட்டுல அதே கேம் ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடுச்சு. பாட்டும் இழுத்துத்தான் கேட்டோம்.

தொண்டி_ரீசெட்

அவரு வாப்பாவைப் பத்தி எழுதியிருக்காரு, நீங்க எறும்பைப் பத்தி எழுதுறீங்க.

@கீழக்கரை_இளையவன் ஒரு வாத்து கேம்தான ஆடினீங்க? கேம் ஏ? நீங்க சுடும்போது ஜாய்ஸ்டிக் யார் கையில இருந்துச்சு?

கீழக்கரை_இளையவன்

காக்கா கையில. எப்பவும் காக்காதான் வெச்சிருக்கும். "ஸ்டார்ட்டு அமுக்கணும்ல"ன்னு மடியிலயே வெச்சிருக்கும். ஏன்?

தொண்டி_ரீசெட்

கேம் ஏ-வுல ஜாய்ஸ்டிக்கை வெச்சு வாத்தை நாம ஓட்டலாம். மேல, கீழ, திருப்பி, எப்படி வேணாலும். செட்டோட வர்ற புத்தகத்துலயே போட்டிருப்பான்.

கீழக்கரை_இளையவன்

புத்தகம் காக்காகிட்டதான் இருந்துச்சு.

பாம்பன்வாடை

அய்யய்யோ.

கீழக்கரை_இளையவன்

காக்கா இப்ப ஷார்ஜாவுல. இந்த இழையை அனுப்பி, கீழ வாய்ஸும் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்து அரை மணி ஆச்சு. "டைப்பிங்"னு வருது, நிக்குது. வருது, நிக்குது.