“இனி குவாலிட்டி ஆஃப் லைஃப் இருக்காது” என்று டாக்டர் சொன்ன நாள்: உங்கள் அனுபவம்

பென்னாகரத்து மகள்:
மூன்று வருடம் ஆகியும் அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது. மூச்சுத் திணறியதும் பயந்துபோய் ஐசியூவில் சேர்த்தோம். மூச்சுக்கு வைத்த வென்டிலேட்டர் டியூபைப் பிடுங்குகிறார் என்று காஸ் துணியால் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நான் போனபோது சுட்டுவிரலை மட்டும் தூக்கி விரிப்பில் ஏதோ எழுதினார். ‘வீ’ மட்டும் புரிந்தது. “வீட்டுக்குப் போயிடலாம்பா” என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் அங்கேயே முடிந்துவிட்டது. டாக்டர் முதல் நாளே “இனி குவாலிட்டி ஆஃப் லைஃப் இருக்காது”, அதாவது பிழைத்தாலும் வாழ்க்கை வாழ்க்கையாக இருக்காது என்று சொல்லி, டியூப் போடுவதா வேண்டாமா என்ற முடிவை எங்களிடம் விட்டார். “உயிர் இருக்கிற வரைக்கும் பார்ப்போம்” என்றார் அண்ணன். ஊர் என்ன பேசுமோ என்ற பயம் வேறு. முந்தின நாள்வரை தெளிவாகப் பேசிய அப்பாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஓசூர் அம்மா:
உங்கள் வேதனை புரிகிறது அக்கா. ஆனால் ‘குவாலிட்டி ஆஃப் லைஃப்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. என் மகன் பிறந்ததும் அழவில்லை, மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. “இவனுக்கு என்ன வாழ்க்கை, பெரிதாகச் செலவு பண்ணாதீங்க” என்றார் ஒரு டாக்டர். இப்போது 19 வயது. நடக்க முடியாது, பேச்சு எங்களுக்கு மட்டும்தான் புரியும். சாயங்காலம் வாசலில் வீல்சேரில் உட்கார்ந்திருப்பான். தளி பஸ் வந்தால் கைதட்டிச் சிரிப்பான், டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். இதற்கு எந்த டாக்டர் மார்க் போடுவார்?

அரூர் வாத்தியார்:
இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் அம்மா. உங்கள் டாக்டர் எடை போட்டது பிள்ளையை, அது தப்பு. இவர் அப்பா விஷயத்தில் எடை போட வேண்டியிருந்தது சிகிச்சையை. என் மாமனாரும் வென்டிலேட்டரில்தான் போனார், அதை விடுங்கள். இனி வருகிறவர்களாவது கேளுங்கள். கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2023-இல் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, அப்புறம் நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் கையெழுத்து போதும். குணமாக வழியில்லை என்று மருத்துவமனை அமைக்கும் இரண்டு மருத்துவக் குழுக்களும் ஒப்புக்கொண்டால் வென்டிலேட்டரை எடுக்கலாம். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு இதில் இடமில்லை. வீட்டிலேயே வலிக்குப் பார்க்க மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் நர்ஸ் வருவார். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் அதைத் தொடங்கினார்கள்.

ஓசூர் அம்மா:
எழுதத் தெரியாத என் மகனுக்கு யார் எழுதுவது சார்? எனக்குப் பிறகு?

பென்னாகரத்து மகள்:
அந்த நர்ஸ் எங்கள் தெருவுக்கும் வருவார் சார், எதிர்வீட்டுப் பாட்டிக்குப் படுக்கைப்புண் கட்ட. அப்பாவுக்குக் கூப்பிட எங்களுக்குத் தோன்றவே இல்லை. வீடு என்று எழுத வந்தாரா, வீண் என்றா? ‘வீ’யோடு விரல் நின்றுவிட்டது.