சரவாக்கில் ஒரு காவாய் இரவு: பூர்வகுடிகளின் அறுவடை நன்றி விழாவைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தைப்பிங் ஆசிரியை:

போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நானே தொடங்குகிறேன்.

கப்பிட் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஏழு வருஷம் இருந்தேன். சிபுவிலிருந்து ரெஜாங் ஆற்றில் எக்ஸ்பிரஸ் படகு, கப்பிட்டில் இறங்கி மறுபடியும் சின்னப் படகு. ஜூன் விடுமுறை விட்டதும் முதல் ஆளாக ஊருக்குக் கிளம்பிவிடுவேன். நாலாவது வருஷம் என் மாணவியின் பாட்டி, "சிக்கு, ஒரு காவாய்க்காவது எங்களோடு இருங்கள்" என்று சொல்லியனுப்பினார். ஆசிரியரை அங்கே சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். இருந்தேன்.

அவர்கள் இபான் மக்கள். பாட்டியை 'இனி' என்றுதான் கூப்பிடுவேன். இபான் மொழியில் பாட்டிக்கு அதுதான் சொல். இருபத்து மூன்று கதவு நீள்வீடு. கதவுக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில்தான் அங்கே வீட்டின் அளவைச் சொல்வார்கள். எல்லாக் கதவுகளுக்கும் முன்னால் ஒரே நீளமாக ஓடும் பொதுத் திண்ணைக்கு ரூவாய் என்று பெயர். விழா அங்கேதான்.

முன்னெல்லாம் ஒவ்வொரு நீள்வீடும் தன் அறுவடை முடிந்த கையோடு தனித்தனியாகக் கொண்டாடிய விழா இது. 1964-ல் அரசிதழில் வந்து, 1965 ஜூன் 1 முதல்தான் சரவாக் முழுக்க ஒரே நாளாயிற்று.

மே 31 காலையிலேயே இனி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். இரும்புச் சட்டியில் புட்டரிசி நெல்லை, அதாவது வெந்தால் ஒட்டிக்கொள்ளும் அரிசி வகையின் நெல்லைப் போட்டுப் பொரித்தார். படபடவென்று வெடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. உமியைப் புடைத்து எடுத்தார். கார்த்திகைக்கு அம்மா பொரிக்கும் நெல்பொரியின் அதே வாசனை! இரண்டு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை. அவர்கள் அதை ரெண்டாய் என்கிறார்கள். படையலில் அது கட்டாயம்.

சாயங்காலம் இரண்டு பிள்ளைகள் ஒரு முறத்தை இழுத்துக்கொண்டு கதவு கதவாக வந்தார்கள். ஆளாளுக்கு வேண்டாத பொருள் ஒன்றை அதில் போட்டார்கள். பேராசைப் பேயை வெளியேற்றுகிறார்களாம். நம் போகி நினைவுக்கு வந்தது. நானும் அறுந்த செருப்பு ஒன்றைப் போட்டேன்.

பிறகு மிரிங், அதாவது படையல். பூவா கும்பு என்ற கைத்தறித் துணியை விரித்துத் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். புட்டரிசிச் சோறு, முட்டை, உப்பு, ரெண்டாய், வெற்றிலை, பாக்கு, புகையிலை, மேலே கொஞ்சம் துவாக், அதாவது அரிசி மது. எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. பெரியவர் சேவலைப் பிடித்துத் தட்டுகளுக்கு மேல் ஆட்டியபடி தெய்வங்களையும் முன்னோர்களையும் மண்ணுக்குரிய தெய்வமான பூலாங் கானாவையும் சாப்பிட வரச்சொல்லி அழைத்தார். அப்புறம் சேவலை அறுத்து, இறகை ரத்தத்தில் தொட்டுத் தட்டுகளில் தடவினார்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, அழைத்தவர்கள் வீட்டில் அப்படிச் செய்வது சரியில்லை என்று தோன்றிப் பார்த்தேன்.

நள்ளிரவில் ஆயுள் நீள வேண்டி எல்லாரும் துவாக் குடித்து, "காயு குரு, கெராய் ஞாமாய்" என்று வாழ்த்தினார்கள். நான் குடிப்பதில்லை. கோப்பையை விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டேன். அது போதும், யாரும் மனம் கோணவில்லை.

மறுநாள் இனி என்னைப் பரணுக்குக் கூட்டிப்போனார். பெரிய நெல் குதிருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடை. அதில் இருந்தது பாடி பூன், அந்தக் குடும்பத்தின் மூல நெல். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, ஒவ்வொரு வருஷமும் வயலில் அதற்கென்று இடம் ஒதுக்கி விதைக்கும் நெல். நெல்லுக்கு உயிர் உண்டு, முறையாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. யோசிக்காமல், "அம்மாவுக்குப் பொங்கல் வைக்க ஒரு பிடி தருவீர்களா?" என்று கேட்டுவிட்டேன். இனி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எது கேட்டாலும் தருவேன் சிக்கு, இது மட்டும் வெளியே போகாது."

கேட்டதற்கு வெட்கப்பட்டேன். கிளம்பும்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய மலைநெல் அரிசி கொடுத்தார். அடுத்த தையில் அம்மா அதில்தான் பொங்கல் வைத்தார்.

கினபாலு நர்ஸ்:

அக்கா, நெல்பொரி என்றதும் கண் கலங்கிவிட்டது. நான் சபாவில் இருந்தேன். அங்கே கடசான்-டூசுன் மக்களுக்கு இது காமாத்தான். மே 30, 31 மாநில விடுமுறை.

அவர்கள் கதையைக் கேட்டால் சோற்றைக் கீழே சிந்த மனம் வராது. பஞ்சம் வந்தபோது கினோயிங்கான் என்ற கடவுள் தன் மகள் ஹுமினோடுனையே பலி கொடுத்தாராம். அவள் சதை நெல்லாயிற்று, தலை தேங்காய், பல் சோளம். அதனால் நெல்லில் அவள் உயிர் இருக்கிறது. போபோஹிசான் என்ற பூசாரிப் பெண்கள்தான் அந்த உயிரை வீட்டுக்கு அழைத்துவருவார்கள்.

ஒருமுறை என் தோழியின் கிராமத்தில் வயதான போபோஹிசான் ஒருவர் ஓதுவதைக் கேட்டேன். நீளமாகப் போனது. என்ன சொல்கிறார் என்று தோழியிடம் கேட்டேன். "பாதி புரியவில்லை. இது பழைய சடங்கு மொழி" என்றாள். அவளுக்கே கண் நிறைந்துவிட்டது. பெனாம்பாங்கில் நடக்கும் உண்டுக் ஙாடாவ் அழகிப் போட்டியைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்கிறார்கள். ஹுமினோடுன் நினைவாகத்தான் அதுவும். ஆனால் அந்தப் பாட்டியின் குரலைத்தான் முதலில் யாராவது பதிவு செய்து வைக்க வேண்டும்.

கிள்ளான் வாசகர்:

அங்கே பலரும் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டார்களே, இன்னும் மிரிங் செய்கிறார்களா?

தைப்பிங் ஆசிரியை:

வீட்டுக்கு வீடு வேறுபடும். சில நீள்வீடுகளில் ஜெபம் மட்டும்தான். நான் பார்த்த இடத்தில் முதலில் ஜெபம், பிறகு மிரிங். ஜெபம் செய்தவரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

இனி பாட்டி இப்போது உயிரோடு இல்லை. கூடை என் மாணவியின் அம்மாவிடம் இருக்கிறது. மாணவிக்குக் கூச்சிங்கில் வேலை. விதைப்புக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சென்ற வாரம் சொன்னாள்.