மதகைக் கண்டால் இறங்கிவிடுவார்

மகள், ராமநாதபுரம் மாவட்டம்

என் தந்தை 1979ஆம் ஆண்டு, தமது 19ஆம் வயதில் தரைப்படையில் சேர்ந்தார். 17 ஆண்டு சர்வீஸ் முடித்து 1996இல் பென்ஷன் வந்தபோது அவருக்கு வயது 36தான்.

பள்ளிக்கு என்னைச் சைக்கிளில் அழைத்துச் செல்லும் வழியில் மூன்று மதகுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சற்றுத் தொலைவிலேயே அவர் இறங்கிவிடுவார். என்னைச் சைக்கிளோடு நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக நடந்து சென்று, குனிந்து, மதகின் இரண்டு வாய்களையும் பார்த்துவிட்டு வந்த பிறகே என்னை அந்தப் பக்கம் கொண்டுசேர்ப்பார். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்து மதகுகளில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரே இருக்காது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. என் தந்தையும் அதில் இருந்தார். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். தமிழ்ப் பொதுமக்களின் இழப்போ அதைவிடப் பெரிது. சாலைகளிலும் மதகுகளின் அடியிலும் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளில் சிக்கி வண்டியோடு போனவர்களில் அவருடைய நண்பர்கள் இருவர் உண்டு என்பதை அவர் சொல்லி நாங்கள் அறியவில்லை. அவரோடு பணியாற்றிய ஒருவர் என் திருமணத்திற்கு வந்திருந்தபோது சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

பனிமலையில் போரிட்டவர் ஊருக்கு வந்தால் கண்ணெதிரே பனி இருக்காது. என் தந்தைக்கு அந்த விலகல்கூடக் கிடைக்கவில்லை. அங்கேயும் பனங்காடு, இங்கேயும் பனங்காடு. அங்கே பார்த்த ஓலை வேலியும் கிணற்றடியும் கோயில் திண்ணையும் எங்கள் தெருவிலும் இருந்தன. இரவில் காய்ந்த பனையோலை காற்றில் உரசினால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அவர் இருந்த பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் இருவர் மட்டுமே. ஆகையால் சோதனைச் சாவடியிலும் வீட்டுச் சோதனையிலும் மொழிபெயர்ப்பு வேலை அவர் தலையில் விழுந்தது. மற்றவர்களுக்கு வெறும் அழுகையாகக் கேட்டது அவருக்கு மட்டும் சொற்களாகக் கேட்டது. அந்தக் காலத்தைப் பற்றித் தம் வாழ்நாளில் ஒரே ஒரு நிகழ்வைத்தான் அவராக என்னிடம் சொன்னார். மகனைத் தேடி வந்த ஒரு தாய் பேசியதையெல்லாம் அதிகாரிக்கு இந்தியில் எடுத்துச் சொன்னாராம். கடைசியில் அந்த அம்மா விட்ட சாபத்தை மட்டும் சொல்லவில்லையாம். “நான் சொல்லாததால் அது வேறு யாரையும் போய்ச் சேரவில்லை, எனக்குள்ளேயே நின்றுவிட்டது” என்றார்.

வீட்டில் இதையெல்லாம் நாங்கள் ‘மிலிட்டரிக் கோபம்’ என்று அழைத்தோம். ஊரார் கண்டிப்பு என்று பாராட்டினார்கள். முன்னிரவும் விடியற்காலையும் தாக்குதலுக்கு ஏற்ற நேரம் என்பதால், அந்த இரு வேளைகளிலும் ஆயுதத்தோடு ஆயத்தமாக நிற்பது படையின் வழக்கம். அதை ‘ஸ்டாண்ட் டு’ என்பார்கள். ஓய்வுபெற்ற பின்னும் பொழுது சாயும்போது அவர் மொட்டை மாடிக்குப் போய், வீட்டில் எந்த வெளிச்சமும் இல்லாமல் அரை மணி நேரம் நிற்பார். என் தாய்க்கோ அது விளக்கு வைக்கும் நேரம். இந்த ஒன்றுக்காக என் பெற்றோர் இட்ட சண்டைகள் எத்தனையோ. கடைசியில் அம்மா விளக்கை அடுக்களைக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிவிட்டார். அந்தச் சாத்திய கதவை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அவர் பார்க்காத மருத்துவர் இல்லை. 2010ஆம் ஆண்டுதான், தூக்கம் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எந்தப் படையில், எங்கே இருந்தீர்கள் என்று கேட்ட அவர், “அங்கே உங்களுக்குக் கொடுத்த வேலை என்ன?” என்றும் கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. அன்று அரை மணி நேரம் என் தந்தை பேசினார். நான் வெளியே அமர்ந்திருந்தேன்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று மருத்துவர் அந்த நோய்க்குப் பெயர் சொன்னார். நடந்தது மீண்டும் நடப்பது போலத் தோன்றுதல், அதை நினைவூட்டும் எதையும் தவிர்த்தல், எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விழித்திருத்தல், உணர்வு மரத்துப்போதல் ஆகியவை ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து வாழ்க்கையைக் கெடுப்பதே அந்த நோய். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலையும் ஒரு காரணமாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் அந்தப் பெயர் இடம்பெற்றது. என் தந்தை படையில் சேர்ந்த மறு ஆண்டில் பிறந்த பெயர் எங்கள் வீட்டு வாசலுக்கு வர முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது. செர்ட்ரலின் மாத்திரையும், நடந்ததைச் சிறிது சிறிதாகப் பாதுகாப்பான இடத்தில் பேசிப் பழகும் சிகிச்சையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தன. படைவீரர் கேன்டீனில் வாங்கிக் குடித்துவந்த ரம்மை நிறுத்தியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

சகோதரி, உங்கள் தந்தை ஏன் பணியில் இருந்தபோதே சொல்லவில்லை என்று நீங்கள் வருந்தக்கூடும். அதற்கு ஒரு காரணத்தை என்னால் சொல்ல முடியும். படையில் உடல்தகுதியை ‘ஷேப்’ (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். மனம், செவி, கை கால்கள், பொது உடல்நிலை, கண் என்று அந்த வரிசை போகும். முதல் எழுத்தே மனத்துக்கு உரியது. அந்த எழுத்தில் குறை விழுந்தால் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’ ஆகிவிடுவோம், பதவி உயர்வு தடைப்படும், துப்பாக்கியைத் தரமாட்டார்கள், பாரக்கில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. முழங்கால் வலியைச் சொல்வோம், இதைச் சொல்லமாட்டோம்.

நான் சியாச்சின் பனிமலையில் இருந்தவன். 1984 ஏப்ரலில் தொடங்கிய அந்தக் காவலில் எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் உயரமுமே அதிகம் பேரைக் கொண்டுபோயின. என் ‘பட்டி’ பனிச்சரிவில் போனார். பட்டி என்றால் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடும் இணை. ஒருவர் விரல் கறுக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பென்ஷன் வந்து, ஏடிஎம் வாசலில் இரவுக் காவலுக்கு உட்கார்ந்தபோது என்னைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் என்னை வதைத்தது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003இல் வந்த மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள் என்பதே எனக்குப் பல ஆண்டு தெரியாது. வெளியே போகத் தயங்குபவர்கள் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை. நான் பேசியிருக்கிறேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

1987இல் எனக்குப் பதினொரு வயது. அந்த அக்டோபரில் ஆயிரக்கணக்கானோரோடு நாங்களும் நல்லூர்க் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோம். ஊரடங்கு தளர்ந்து வீடு திரும்பியபோது எங்கள் சின்னமாமா உயிரோடு இல்லை. இதை முதலில் எழுதாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த காவலரணில் தமிழ் பேசும் இராணுவத்தினர் ஒருவர் நின்றார். எவருடைய முகத்தையும் பாராமல் நிலத்தைப் பார்த்தே பேசுவார். அவருக்கு எங்கள் மீது வெறுப்பு என்று அம்மம்மா சொல்லுவா. நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். உங்கள் தந்தை அவர்தான் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டுத் துயரத்தையும் உங்கள் வீட்டுத் துயரத்தையும் ஒரே தராசில் வைக்கவும் நான் ஆயத்தமாக இல்லை. ஆனால் நிலத்தைப் பார்த்துப் பேசியதற்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று இன்றுதான் முதன்முறையாக நினைக்கிறேன். ஒன்று மட்டும் அறிய விரும்புகிறேன்: அந்தத் தாயின் சொற்களை உங்கள் தந்தை பின்னர் எவரிடமாவது சொன்னாரா?

மகள், ராமநாதபுரம் மாவட்டம்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், அக்கா. உங்கள் மாமாவை முதலில் எழுதியதுதான் முறை.

மருத்துவரிடம் சொன்னார் என்று அறிவேன். அன்று அம்மாவையும் என்னையும் அறையை விட்டு வெளியே இருக்கச் சொன்னார். நாங்கள் அதன் பிறகும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அம்மா விளக்கை முற்றத்து மாடத்தில் வைக்கிறார். அந்த நேரத்தில் அப்பா மாடிக்குப் போவதில்லை. பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பார்வை மட்டும் தெருமுனையில் இருக்கும். மதகு வந்தால் வண்டியை விட்டு இன்னமும் இறங்கித்தான் நடக்கிறார். குனிந்து பார்ப்பதில்லை.