சிலுவைப்பாதையில் உங்களை நிறுத்திய நிலை எது?

முத்துக்குளித்துறை:

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதைக்கு, அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைத்துச் செபிக்கும் வழிபாட்டுக்கு, போகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அந்த நிலைகளில் உங்களை அசையவிடாமல் நிறுத்தியது எது என்று எழுதுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஆறாம் நிலை. இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோணிக்கா. சில வருடங்களுக்கு முன் எங்கள் பங்குக் கோவிலுக்குப் புதிதாக வந்த சாமியார் விவிலியச் சிலுவைப்பாதையை நடத்தினார். 1991 புனித வெள்ளியன்று ரோமின் கொலோசியத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நடத்திய முறை அது. கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கும். யூதாஸ் காட்டிக்கொடுப்பது, பேதுரு மறுதலிப்பது, நல்ல கள்ளன் எல்லாம் அதில் உண்டு. மூன்று முறை விழுவது கிடையாது, வழியில் தாயைச் சந்திப்பது கிடையாது, வெரோணிக்காவும் கிடையாது. நற்செய்தியில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நியாயம்தான்.

முடிந்து வெளியே வந்ததும் பாட்டிமார் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "எல்லாம் சரி சாமி, முகம் துடைச்சவள எங்க காணோம்?" சாமியார் விளக்கிப் பார்த்தார். அவர்கள் கேட்பதாக இல்லை. அடுத்த வெள்ளி பழைய முறையே திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பதினான்கில் மூன்று, நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது ஆகிய ஐந்தும் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. எங்கள் ஊரில் அழுகைச் சத்தம் கேட்பதும் அங்கேதான். கடலுக்குப் போய்த் திரும்பாத பிள்ளையைப் பெற்றவள், தாயைச் சந்திக்கும் நான்காம் நிலையில் எப்படி நிற்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதப்படாத இடத்தில்தான் சனங்கள் தங்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள்.

பரங்கிமலைப் படிக்கட்டு:

சண்டைக்கு வரவில்லை அண்ணே, கொஞ்சம் சரித்திரம் சேர்க்கிறேன். பாட்டிமார் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. இந்த பக்தியை வளர்த்ததே எருசலேமுக்குப் போக வழியில்லாத சனங்கள்தான். 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் அங்குள்ள புனித இடங்களைக் காக்கும் பொறுப்பைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு உறுதிப்படுத்தினார். அவர்கள் திருப்பயணிகளை நடத்திக்கொண்டு போனார்கள். போய்வந்தவர்கள் தங்கள் ஊரில் அதேபோல அமைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி 1500களின் தொடக்கத்தில் செதுக்கியவை ஏழு நிலைகள்தான். ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். 1584இல் அட்ரிக்கோமியுஸ் என்ற நெதர்லாந்துக் குரு எழுதிய நூலில் பன்னிரண்டு. இன்றைய முதல் பன்னிரண்டும் அந்த வரிசைதான். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் பதினான்கு என்று நிலைப்படுத்தி, எல்லாக் கோவில்களிலும் அமைக்க வழிசெய்தார். அதே காலத்தில் போர்ட் மொரிஸ் நகர் புனித லெயோனார்ட் இத்தாலி முழுக்க 570க்கும் மேற்பட்ட இடங்களில் நாட்டினார். 1750இல் கொலோசியத்துக்குள் நாட்டியதும் அவரே.

ஆக, பதினான்கு என்ற கணக்கு ஐரோப்பாவில் பிறந்து, பிறகு எருசலேம் தெருவுக்கே போயிருக்கிறது!

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய விதிப்படி முக்கியம் மரச்சிலுவைகள்தான். படமும் சுரூபமும் அப்புறம். பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பலன்) பெற ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும். கூட்டமாக இருந்தால் நடத்துகிறவர் நடந்தால் போதும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே திரும்பிக்கொள்ளலாம்.

ஆனால் நடந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். சென்னையில் பரங்கிமலைப் படிகளில் பதினான்கு நிலைகள் இருக்கின்றன. அந்தப் படிகளைக் கட்டியவர் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர், 18ஆம் நூற்றாண்டு. வெயிலில் ஏறினால் ஒன்பதாம் நிலைக்கு முட்டி சொல்லும், மூன்றாம் முறை விழுவது என்றால் என்ன என்று. என் நிலை அதுதான். நற்செய்தியில் இல்லாவிட்டால் என்ன, என் முழங்காலில் இருக்கிறது.

மன்னார் பிள்ளை:

வணக்கம் அண்ணாமார். எங்கள் பக்கம் தபசு காலம், அதாவது தவக்காலம், என்றால் சிலுவைப்பாதையோடு பிரசங்கம் பாடுவதும் சேரும். பாடுகளின் வரலாற்றை ஒப்பாரிபோல நீட்டி இழுத்து வாசிப்பார்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி அந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் தமிழிலும் சிங்களத்திலும் நிறைய எழுதியவர். அப்போது ஒல்லாந்தர் ஆட்சி. கத்தோலிக்கக் குருக்கள் வெளிப்படையாக நடமாட முடியாது. சுவாமி வந்துபோகும் இடைவெளியில் சனங்களே கூடிச் செபித்தார்கள். சிலுவைப்பாதையையும் யாரும் நடத்தலாம், குரு கட்டாயமில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்தபோது எங்கள் அம்மம்மா தடியால் மண்ணில் சிலுவைகளைக் கீறி வைத்து நடத்தினார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் "எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி" என்று கத்துவோம். எந்த நிலை என்று கேட்டால் சிலுவை சுமக்க உதவிய சீமோனுடைய ஐந்தாம் நிலை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அது நன்றாக விளங்கும்.

வளைகுடாக்காரன்:

நான் எருசலேமில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பிரான்சிஸ்கன் துறவிகளோடு நடந்திருக்கிறேன். அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வழி முழுக்கக் கடைத்தெரு. மசாலா மூட்டை, செருப்புக் கடை, தள்ளுவண்டி, "வழி விடு" சத்தம். நமக்குப் பக்கத்தில் ஒருவர் மாதுளைச் சாறு பிழிந்துகொண்டிருப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு தோன்றியது, அன்றைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும், பண்டிகைக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் நிலையில் சுவரில் ஒரு கல், தொட்டுத் தொட்டு வழவழப்பாகிப் பள்ளமாகியிருக்கிறது. கடைசி ஐந்து நிலைகள் கல்லறைக் கோவிலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

முத்துக்குளித்துறை:

மன்னார் பிள்ளை, அம்மம்மா கீறிய சிலுவைகளுக்குப் பரிபூரண பலன் உண்டா என்று பரங்கிமலைக்காரரிடம் கேட்காதீர்கள், விதி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்!

எட்டாம் நிலையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. "எனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் மக்களுக்காகவும் அழுங்கள்" என்று ஆண்டவர் பெண்களிடம் சொல்கிற நிலை. இது லூக்காவில் அப்படியே இருக்கிறது. இருந்தும் எங்கள் ஊரில் அதை வேகமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வேறு ஊர்களில் எப்படி?

அப்புறம், இந்த வருடம் கேரளாவின் மலையாற்றூர் குரிசுமுடி மலை ஏறுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மரச்சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு "பொன்னும் குரிசு முத்தப்போ" என்று கூவியபடி ஏறுவார்களே, அங்கே. பெரிய வாரத்தில் கூட்டம் தாங்காது என்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் போக நினைக்கிறேன். கன்னியாகுமரிப் பக்கத்தவர்கள் வண்டி பிடித்தால் சொல்லுங்கள்.