அப்பாவின் படபடப்பும் சின்சே கொடுத்த வேர்களும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 71, மூன்று வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே தேங்குகிற ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மாதம் ஒரு தடவை விரலில் குத்தி ஐஎன்ஆர் பார்ப்பார்கள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண் அது, கூடினால் ரத்தம் கசியும் அபாயம். 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 2.3, 2.5 என்று சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

ஆனால் வார்ஃபரின் ரத்தம் உறைவதைத்தான் தடுக்கும், படபடப்பை ஒன்றும் செய்யாது. அதற்குத் தனியாக ஒரு மாத்திரை உண்டு, அதையும் மீறி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுதும்மா" என்பார். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டிக்கும் எங்களுக்கும் இருபது வருடப் பழக்கம், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், சீனப் புத்தாண்டுக்கு அங்கிருந்து ஆரஞ்சு வரும். அவர்தான் அப்பாவைச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற சீன மருந்துக் கடைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், கல்லாவில் ஒரு பெரியவர், சின்சே, அதாவது சீன வைத்தியர் என்றே அவரை நினைத்தோம். நாடி பார்க்கவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஆண்ட்டி கேட்டதை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

டான்ஷென். செங்கல் நிறத் தோலோடு சாய்வாகச் சீவிய வேர்த் துண்டுகள். அதோடு தாங்குவெய் என்ற இன்னொரு வேர் கொஞ்சம், ஒரு பிடி சிவப்புப் பேரீச்சை (பேர்தான் பேரீச்சை, உண்மையில் ஒரு வகை இலந்தை). மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணமாகச் சுண்டவைக்க வேண்டும். அப்பா அதற்கென்று மண்பானை வாங்கி அவரே காய்ச்சினார், வீடு முழுக்க ஈர மண்ணும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் காலையில் பல் தேய்த்துத் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறு என்று விட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பேருந்தில் கம்பியில் லேசாக இடித்துக்கொண்ட முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். கிளினிக்கில் ஐஎன்ஆர் 5.7. டாக்டர், "புதுசா மருந்து ஏதாவது?" என்று கேட்டார், அப்பா "இல்லை" என்றார். அவர் மறைக்கவே இல்லை. அவருக்கு அது மருந்து இல்லை, சூப்! கடைசியில் மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த சீனப் பெண்தான், "அங்கிள், சூப் ஏதும் குடிச்சீங்களா? வேர், மூலிகை ஏதாவது?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது, டான்ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்று ஹாங்காங் மருத்துவர்கள் 1990களிலேயே நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். தாங்குவெய்யும் அதே வகை. ஜின்செங் நேர்மாறு, ஐஎன்ஆரைக் குறைத்துவிடலாம், அதாவது உறைவுத் தடுப்பு குறைந்துபோகும். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? நல்லபடியாகக் குணமானவர்களும் எழுதுங்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்க நான் இங்கே வரவில்லை.

முதல் பதில், சீனாவில் மருத்துவம் படித்தவர்:

நான் மதுரைக்காரன், எம்பிபிஎஸ் சீனாவில். எங்கள் பாடத்திலேயே சீன மருத்துவம் ஒரு தாள் உண்டு, அதனால் உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே இதய வார்டில் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை எழுதுகிற அதே டாக்டர், அதே சீட்டில் வென்ஷின் கெலி என்ற துகள் மருந்தும் எழுதுவார். வெந்நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். முதல் தடவை ஒரு பாட்டிக்கு நான் கலக்கிக் கொடுத்தபோது மேலே வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் அப்பத்தா தலைக்குக் காய்ச்சுகிற எண்ணெயின் வாசனை! பெட்டியைத் திருப்பிப் படித்தால் ஐந்து சரக்கு, அதில் ஒன்று கான்சோங். நம் சடாமாஞ்சில்தான் அது. இமயமலைப் பக்கத்து வேர், நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், அங்கே இதயத் துடிப்புக்குப் போகிறது. மற்ற நான்கில் ஒன்று அம்பர் என்கிற மரப்பிசின் கல்.

இது வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை. 2012ல் அமெரிக்காவில் நாயின் இதயத் திசுவில் வென்ஷின் கெலியைச் சோதித்தபோது, மேலறைச் செல்களுக்குள் சோடியம் நுழைகிற வாய்க்கால்களை அது அடைப்பதைக் கண்டார்கள். அதாவது இப்போதுள்ள துடிப்பு மாத்திரைகள் சில செய்கிற அதே வேலை. ஷென்சோங் யாங்ஷின் என்று இன்னொன்று, 12 சரக்கு, அதிலும் கான்சோங் உண்டு, ஒரு வகைப் பூச்சி கூட உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டுக் கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்த 920 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்குப் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்தது. இதைச் சாப்பிட்டவர்களுக்குக் கோளாறு திரும்பி வருவது குறைந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் முதலில் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள், அதை மறந்துவிட்டு இதை மட்டும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. மற்றபடி இந்தத் துறையில் வருகிற பல ஆய்வுகள் சின்னவை, போலி மருந்தோடு ஒப்பிடாதவை. இதை எங்கள் பேராசிரியரே வகுப்பில் ஒளிக்காமல் சொன்னார்.

ஒன்று மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். ஃபூஸி, சாவ்வூ என்ற பேரில் யாராவது வேர் கொடுத்தால் வீட்டில் காய்ச்சாதீர்கள். அது நம் வச்சநாவியின் இனம். சித்த வைத்தியத்தில் அதைச் சுத்தி செய்யாமல் தொடவே மாட்டார்கள் இல்லையா, அங்கேயும் அப்படித்தான், பக்குவப்படுத்தி மணிக்கணக்காக வேகவைத்தால்தான் விஷம் குறையும். சரியாக வேகாவிட்டால் அதுவே இதயத் துடிப்பைக் குலைத்து ஆளைக் கொண்டுபோய்விடும்.

இரண்டாவது பதில், பினாங்கு:

எங்கள் அம்மா கதை வேறு. அவருக்கு நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சின்சேயிடம் போனோம். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிமிடம் இருக்கும், அவ்வளவு பொறுமை. சீன வைத்தியத்தில் விட்டுவிட்டு அடிக்கிற நாடிக்கே தனித்தனிப் பேர் உண்டாம், மெதுவாக ஓடி இடையில் தடுக்கினால் ஒன்று, கணக்காக ஒரு இடத்தில் நின்றால் இன்னொன்று. கிட்டத்தட்ட 1800 வருடத்துக்கு முன்னால் ஹான் காலத்தில் சாங் சோங்ஜிங் அந்த நாடிக்கென்றே எழுதிவைத்த கஷாயத்தைத்தான் கொடுத்தார். அதில் தலைமைச் சரக்கு தேனில் வறுத்த அதிமதுரம். ஜின்செங், இஞ்சி, சிவப்புப் பேரீச்சை, கழுதைத் தோல் பசை எல்லாம் சேரும், அரிசி மதுவும் ஊற்றிக் காய்ச்சுவார்கள்.

ஒரு வாரத்தில் அம்மா நன்றாகத் தூங்கினார், முகம் தெளிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சின்சேயைப் பார்க்காமலே, கடையில் அதையே நான்கு மாதம் வாங்கிக் குடித்தார். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை வேறு. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது, தொடையில் பலமில்லை, நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றினார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, இருக்க வேண்டியது 3.5க்கு மேல். அதிமதுரம் அதிக நாள் போனால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தப்பும். எதற்காகக் குடித்தாரோ அதையே அது கூட்டிவிட்டது, இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

சின்சேயிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏழு நாளைக்குத்தானே எழுதினேன்! ஏழு நாள்!" என்று மேசையைத் தட்டினார். அப்புறம் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன்.

முதலில் எழுதியவர் மறுபடி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு வார்ஃபரினை இரண்டு நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து, இப்போது பழைய இடத்துக்கு வந்துவிட்டார். ஆண்ட்டி அழுதுவிட்டார், அவரைத் தேற்றுவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. பினாங்குக்காரர் சொன்னதைப் படித்த பிறகு அப்பாவை ஒரு சின்சேயிடமே அழைத்துப் போனேன். இங்கே 2000ல் வந்த சட்டப்படி பதிவு பெற்றவர்தான் சின்சேயாகத் தொழில் செய்ய முடியும், கடையில் நிறுத்துக் கொடுக்கிறவர் எல்லாம் சின்சே ஆகிவிட மாட்டார், இது எனக்கு முன்னால் தெரியாமல் போயிற்று. அந்தச் சின்சே, வார்ஃபரின் அளவையும் ஐஎன்ஆரையும் குறித்துவைக்கிற அப்பாவின் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இதோடு நான் வேர் எதுவும் தர மாட்டேன், முழங்கால் வலிக்கு வேண்டுமானால் அக்குபங்சர் ஊசி குத்துகிறேன், அதுவும் மெல்லிய ஊசி, ஆழமாக இல்லை" என்றார்.

படபடப்புக்கு இதய மருத்துவர் வேறு மாத்திரை மாற்றியிருக்கிறார், போன வாரம் முழுக்க அப்பா ராத்திரியில் எழவில்லை. சின்சே அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தொடக் கூடாத சரக்குகளைச் சீன எழுத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். ஆண்ட்டி அதை வாசித்துக் காட்டினார், நான் பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொண்டேன். முதல் வரி டான்ஷென். அப்பா இப்போது சந்தைக்குப் போனாலும் அந்தப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்.